மலையை அளந்த சாக்பீஸ் பாய்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாதவர் கிடையாது. பாவம் தீரச் சுற்றுகிறவர்கள் உண்டு, பையனுக்கு வேலை கிடைக்கச் சுற்றுகிறவர்கள் உண்டு, டாக்டர் சொன்னாரென்று சர்க்கரைக்காகச் சுற்றுகிறவர்கள் உண்டு. மலை நேற்று இருந்த அளவில்தான் இன்றும் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சுற்றிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, சாக்பீஸ் பாய்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தே தீர வேண்டும். அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் மூலிகை டீ குடிக்கிற கடைகளெல்லாம் முடிந்த பிறகு, வேப்பமரத்தடியில் அவருடைய டயர் கடை. தச்சர் காதில் பென்சில் செருகுவது மாதிரி பாய் காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ். தொழுகைக்குப் போகும்போது மட்டும் எடுத்து மேஜை மேல் வைப்பார். வந்ததும் முதல் வேலையாக மறுபடி காதில் செருகிவிட்டுத்தான் "இன்னா சார்" என்பார். டயர், ரிம், கதவு, சில சமயம் வாடிக்கையாளரின் பேன்ட், எதிலும் கோடு போடுவார். அவர் கடைக்குப் போய்விட்டுக் கோடில்லாமல் வீடு திரும்பியவர்கள் குறைவு.

கடையின் பக்கச் சுவர் முழுக்க ஊர்ப் பெயர்களும் தூரங்களும். போளூர் இவ்வளவு, செங்கம் இவ்வளவு, 'மச்சான் வூடு' இவ்வளவு. ரோட்டோரத்துக் கல்லில் வேறு எண் போட்டிருக்கிறதே என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"கல்லு எவனோ நட்டது. இது நான் சுத்திப் பாத்து எழுதனது" என்றார்.

அவர் அளக்கும் முறை சுலபமானது. கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். அது ஊரில் குழந்தைக்கும் தெரியும். எந்த வண்டிக்கு டயர் மாற்றினாலும் பாய் ஏறி உட்கார்ந்துகொண்டு மலையை ஒரு சுற்று சுற்றிவரச் சொல்வார். மீட்டர் பதினாலு காட்டினால் டயர் சரி. குறைத்துக் காட்டினால் சக்கரம் பெரியது, கூட்டிக் காட்டினால் சின்னது. ஊரே கும்பிடுகிற மலை அவருக்கு ஒரு பெரிய ஸ்கேல். அதுவும் இடமிருந்து வலமாகத்தான் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் தூரம் ஒன்றுதானே என்று கேட்டால், "தூரம் ஒண்ணுதான். ஆனா எதிர்ச் சுத்துல வந்தா டீக்கடைக்காரன் ஒரு மாதிரி பாக்கறான்" என்பார்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன். ஐம்பத்திரண்டு வயதுவரை என் சாகசமெல்லாம் மணமகன் பெயரில் எழுத்துப்பிழை விடுவதோடு நின்றிருந்தது. அந்த வருஷம் என் மகளுக்கு ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. பஸ் ஒரு ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஆறு கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்தால் அது பாதையா ஓடையா என்று அதற்கே குழப்பம். "கவலைப்படாதம்மா, அப்பா சொந்த வண்டியிலயே வரேன்" என்று வீராப்பாகச் சொல்லி, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, எனக்கு மேடு என்றால் பயம். சாதாரண பயமில்லை. ரயில்வே மேம்பாலத்தில் முன்னால் போகிற வண்டி நின்றால் எனக்கு வியர்க்கும். பின்னால் உருண்டு திண்டிவனத்தில் போய்த்தான் நிற்போம் என்று மனசு படம் ஓட்டும். இதில் கொண்டை ஊசி வளைவு வேறு.

பயப்படுகிற ஆண்பிள்ளை அதை ஒத்துக்கொள்வானா? ஆராய்ச்சியில் இறங்குவான். நான் டயர் ஆராய்ச்சியில் இறங்கினேன். மாதக்கணக்காக வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர் எந்த நாட்டிலோ பாறை மேல் ஜீப்பை ஏற்றுவார், என் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி எனக்குக் கால் கூசும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் மேட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்து, "எப்பப்பா வரீங்க?" என்பாள். "டயர் மாத்தணும்மா. இந்த டயர்ல வந்தா ஆபத்து" என்பேன். இதற்கிடையில் என் மனைவி சரோஜா பஸ்ஸிலும் ஷேர் ஜீப்பிலும் இரண்டு தடவை போய் வந்துவிட்டாள். வரும்போது தேன் வேறு கொண்டுவந்தாள்.

ஒரு கட்டத்தில் மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். "சாப்டீங்களா?" என்பதோடு பேச்சு முடிந்தது. அதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். ஆனால் அடுத்த நாளே பாய் கடைக்குப் போனேன்.

"பதினெட்டு இஞ்ச் அலாய் வீல் போடணும் பாய்."

பாய் என்னைப் பார்க்கவில்லை. டயரைத்தான் பார்த்தார். "இன்னா எழுதிக்கீது, படி."

"இருநூத்திப் பதினஞ்சு, எழுபத்தஞ்சு, ஆர் பதினஞ்சு."

"மொதல் நம்பர் அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது ரப்பரோட உசரம், அகலத்துல நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு. கடைசி நம்பர் ரிம்மு, அது இஞ்ச்ல. ஒரே டயர்ல மூணு கணக்கு. அண்ணன் தம்பி மூணு பேரு பேச்சு வார்த்தை இல்லாம கட்டன வூடு மாதிரி கீது. நீ வந்து பெருசு குடு பெருசு குடுன்னா, எதைப் பெருசாக்கறது?"

"ரிம்மைத்தான் பாய். பாக்க சோக்கா இருக்குமே."

"செருப்பைக் கழட்டு சார்."

கடை ஓரத்தில் ஒரு ஜல்லிக் குவியல் கிடந்தது. அதன் மேல் நடக்கச் சொன்னார். மறுத்தால் டயர் பேச்சே கிடையாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நடந்தேன். மலை சுற்ற வந்த ஓர் அம்மா, ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பத்தடி போவதற்குள் நான் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாகிவிட்டது.

"வெளி அளவு மாறாம ரிம்மு பெருசானா, நடுவுல ரப்பர் கம்மி" என்றார் பாய், நிதானமாக. "கல்லுக்கும் உன் முதுகுக்கும் நடுவுல கீறது அந்த ரப்பர்தான். உன் செருப்பு மாதிரி. இப்ப சொல்லு, பதினெட்டா?"

"பதினஞ்சே இருக்கட்டும் பாய்."

மற்றவனாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பான். நான் விடவில்லை. ரிம் பதினைந்து சரி, ஆனால் டயர் முப்பத்திமூன்று இஞ்ச் உயரத்தில் வேண்டும் என்று அடுத்த வாரமே போய் நின்றேன். வீடியோக்காரர் அதைத்தான் போட்டிருந்தார்.

"எந்த மண்ணுல ஓட்டப் போற?"

"ஜவ்வாது மலை."

"மண்ணு கொண்டா."

இதுதான் அவருடைய இன்னொரு பழக்கம். வண்டி ஓடப்போகிற பாதையின் மண் ஒரு பிடி கைக்கு வராமல் ஜீப்புக்கு டயர் எடுத்து வைக்க மாட்டார். ஆற்று மணலா, செம்மண்ணா, களிமண்ணா என்று தண்ணீர் விட்டுப் பிசைந்து, பழைய டயர்த் துண்டுகளில் அப்பி, உதறிப் பார்ப்பார். உதறினால் எந்தத் துண்டின் பட்டனிலிருந்து, அதாவது டயர் மேல் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகளிலிருந்து, மண் விழுகிறதோ அதுதான் அந்த மண்ணுக்கு ஏற்ற பட்டன்.

மண் கேட்டால் கொடுத்துவிடலாம். ஆனால் மண் மலை மேல் இருக்கிறதே. மண் எடுக்க மேலே போகிறவனுக்கு டயர் எதற்கு? நன்றாக யோசித்து, மொட்டை மாடியில் இருந்த பூந்தொட்டியிலிருந்து ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன்.

பாய் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். "சார், ஜவ்வாது மலையில ஜாதிமல்லி போட்டுக்கீறாங்களா?"

"ஏன் பாய்?"

"டீத்தூள் கீது. முட்டை ஓடு கீது. உன் வூட்டு மாடிக்குப் போறதுக்கு முப்பத்திமூணு இஞ்ச் ஜாஸ்தி சார். படியில ஏறிப் போ."

பையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். தொட்டி காலியாக இருப்பதை சரோஜா ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். மூன்றாவது தடவையாக அந்த வாரம் மலைக்குப் போய்விட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக பாய் கடைக்கே வந்தாள். எனக்கு போன் போட்டு அங்கே வரச்சொன்னாள். நான் போனபோது மேஜை மேல் இரண்டு பைகள் இருந்தன.

"பாய், இது சாமை அரிசி, உங்களுக்கு. இது மண்ணு, இவருக்கு."

பாய் மண்ணை எடுத்தார். தண்ணீர் விட்டார். செக்கச்செவேலென்று பசை மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. முதல் தடவையாக அவர் முகத்தில் என் வண்டி மேல் ஒரு மரியாதை தெரிந்தது.

"சனிக்கிழமை ஸ்கூல்ல ஆண்டு விழா பாய்" என்றாள் சரோஜா. "எங்கப்பா வந்து சிரிக்க சிரிக்கக் கதை சொல்வாருனு பொண்ணு பசங்க கிட்ட சொல்லி வெச்சிருக்கா. இவரு வரலைனா வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கறேனு இப்ப சொல்றா. கோவமாக் கூட சொல்லல. அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

பாய் என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன்.

"முப்பத்தொண்ணு" என்றேன். "முப்பத்திமூணு வேணாம் பாய். முப்பத்தொண்ணு போட்டுக் குடுங்க. சனிக்கிழமை காலையிலயே கிளம்பிடறேன்." இரண்டு இஞ்ச் விட்டுக்கொடுத்ததில் எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை, யாரோ கழற்றிவிட்டுப் போன பழைய முப்பத்தொன்று ஒரு செட்டை என் ஜீப்பில் மாட்டினார் பாய். வெறும் ஒத்திகைக்கு. வண்டி ராஜ கம்பீரமாக எழுந்து நின்றது. ஏறுவதற்கு எனக்கு ஸ்டூல் தேவைப்பட்டது. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பியதும் உள்ளே டயர் எதிலோ உரசி, கரகரவென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம். பாய் குனிந்து உரசிய இடத்தில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "மலையைச் சுத்து" என்றார்.

சுற்றினேன். இரண்டாவது கியரில் போக வேண்டிய இடத்தில் வண்டி முதல் கியரைக் கெஞ்சியது. கனமான சக்கரம், பழைய இன்ஜின். பெரிய டயர் போட்டால் வண்டிக்கு பலம் வரும் என்று நினைத்தேன், அது பலத்தைக் கடன் கேட்டது. பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை ஊருக்குள் ஒரு எருமை தன் சொந்த ரோடு மாதிரி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. உடனே இல்லை, யோசித்து, ஆற அமர நின்றது. எருமை தப்பித்தது. ஜீப்பின் மூக்கு டீக்கடை பெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் கிளாஸைக் கீழே வைக்காமல் எட்டுக் காலையும் ஒரே நேரத்தில் மேலே தூக்கியிருந்தார்கள்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பாய், இன்னிக்கு எத்தினி கிலோமீட்டர் காட்டுது?"

"இன்னும் சுத்தி முடிக்கல" என்றார் பாய்.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான்தான் முதலில் ஜோக் அடிப்பேன். அன்று இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மீதி தூரத்தைச் சைக்கிள்காரர்கள் முந்திப் போகிற வேகத்தில் முடித்தேன். கடை வாசலில் நிறுத்தியதும் பாய் மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டரை. ஒன்றரை கிலோமீட்டர் மலையைக் காணோம் சார்."

பாய் காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார். எதிலும் கோடு போடவில்லை. கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"உனக்குப் பெரிய டயர் வேணாம் சார். உனக்கு மலை சின்னதா ஆகணும். அதான் வந்த நாள்லேந்து கேட்டுக்கினு கீற. அந்த சைஸ் எங்கிட்ட கிடையாது."

நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

"பயமா இருக்கு பாய்" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. சரோஜாவிடம்கூட. அவளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

"இருக்கட்டும். பயத்தையும் பக்கத்து சீட்ல உக்கார வெச்சுக்கினு ஓட்டு. டயரை நான் பாத்துக்கறேன்."

அன்று மதியத்துக்குள் அவரே நாலு டயர் எடுத்து வைத்தார். இருநூத்தி முப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு, ஆர் பதினஞ்சு. பழையதைவிட ஒரு இஞ்சுக்கு மேல் உயரம், அவ்வளவுதான். சரோஜா கொண்டுவந்த மண்ணை உதறித் தள்ளுகிற பட்டன். ஸ்டியரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பினால் சத்தமே இல்லை. மறுபடி மலையைச் சுற்றினோம். அடி அண்ணாமலையில் எங்களைப் பார்த்ததும் பெஞ்சுக்காரர்கள் முன்ஜாக்கிரதையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மீட்டர் பதிமூன்று புள்ளி நாலு காட்டியது.

"இது போதும்" என்றார் பாய். "அரையும் கொஞ்சமும் கம்மி. இதுக்கெல்லாம் உங்க சாமி கோச்சிக்காது."

பிறகு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். டயரின் பட்டன் மேல் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு. வண்டியைப் பத்தடி நகர்த்து. கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று ஜாஸ்தி. ஓரத்தில் மட்டும் அழிந்தால் கம்மி. "ரோட்டுல முழுக் காத்து. மண் பாதை தொடங்கற எடத்துல நிறுத்தி, காத்தை எறக்கி, கோடு போட்டுப் பாரு. கோடு முழு அகலத்துக்கும் அழிஞ்சிச்சுனா டயரு மண்ணைப் புடிச்சிருச்சுனு அர்த்தம். அப்புறம் நீ புடிக்க வேண்டியது ஸ்டியரிங்கை மட்டும்." தன் காதில் இருந்த சாக்பீஸை எடுத்து என் காதில் செருகினார்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். மலை ஏறத் தொடங்கியதும் சரோஜா தூங்கிவிட்டாள். அது நம்பிக்கையா, விதி விட்ட வழியென்கிற முடிவா, இன்றுவரை நான் கேட்கவில்லை. முதல் வளைவில் கைவசம் இருந்த சாமி பெயர்களெல்லாம் மூன்றாவது வளைவில் தீர்ந்துபோய், நான் அச்சடித்த பத்திரிகைகளில் இருந்த குலதெய்வங்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு ஷேர் ஜீப் ஹாரன் அடித்தது. உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது, மேலே இரண்டு ஆடு வேறு. அந்த டிரைவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக என்னை முந்திப் போனார். அவர் டயரைப் பார்த்தேன். என் தலையைவிட வழுக்கை.

மண் பாதை வந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. இறங்கினேன். காற்றை இறக்கினேன், டயர் சாப்பிட்டு எழுந்தவன் வயிறு மாதிரி லேசாகத் தளர்ந்தது. கோடு போட்டேன், நகர்த்தினேன், குனிந்து பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மறுபடி கோடு. இந்த முறை கோடு முழு அகலத்துக்கும் அழிந்திருந்தது. அந்த அழிந்த கோட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட்டைப் பார்த்துக்கூடச் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த ஆறு கிலோமீட்டரை ஓட்டியது நானில்லை என்று சரோஜா இன்றும் சொல்வாள். "கண்ணைத் திறந்து பாத்தா இவரு பல்லைக் கடிச்சுக்கினு, யாரோ மாதிரி உக்காந்திருக்காரு." இரண்டு இடத்தில் வழுக்கியது. ஒரு மேட்டில் பாதியில் நின்றேன். பின்னால் உருளவில்லை. திண்டிவனம் வரவில்லை. மறுபடி மிதித்தேன், ஏறியது.

பள்ளிக்கூடத்தில் நாடகம் நடந்துகொண்டிருந்தது. மகள் வாசலுக்கு வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"டயர் மாத்திட்டீங்களாப்பா?"

"மாத்திட்டேம்மா."

"காதுல என்னப்பா அது?"

எடுத்துக் கொடுத்தேன். பாதி தேய்ந்த சாக்பீஸ். அவள் தன் சாக்பீஸ் டப்பாவில் அதையும் போட்டுக்கொண்டாள். என்னை மைக் முன்னால் தள்ளினாள். வழியெல்லாம் சாமிகளைக் கூப்பிட்டதில் குரல் கம்மியிருந்தது. தயார் பண்ணி வைத்திருந்த கதைகளெல்லாம் மறந்துபோய், பூந்தொட்டி மண் கதையைச் சொன்னேன். ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு அவர்கள் மண்ணை ஒருவன் பொய்யாகச் செய்து கொண்டுபோனான் என்பது அப்படியொரு சிரிப்பு. மகள் கடைசி வரிசையில் நின்று சிரித்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் பாய் கடைக்குப் போனேன். எப்படிப் போனாய், விழா எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போவ எவ்ளோ காட்டிச்சு?" என்றார்.

"எழுபத்தி நாலு புள்ளி ரெண்டு."

கண்ணை மூடி, பதினாலுக்கு அரையும் கொஞ்சமும் என்று மலை விட்டுக்கொடுத்ததை முழுத் தூரத்துக்கும் கூட்டிக் கணக்குப் போட்டார். சுவரில் இடம் தேடி எழுதினார்: 'பாப்பா ஸ்கூல் – 77.5'.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிறது. மகள் மாற்றலாகி இப்போது ஆரணியில் இருக்கிறாள். தார் ரோடு, மேடு கிடையாது, எந்த டயரும் போகும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் பாய் சுவர் சுத்தமாகக் கழுவிப் போய்விடும். கார்த்திகை பிறந்ததும் எல்லா ஊரையும் ஞாபகத்திலிருந்தே மறுபடி எழுதுவார். போன தடவை அவர் எழுதும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பாய், பொண்ணு இப்ப அங்க இல்லையே. அந்த வரியை விட்டுடலாமே."

அவர் எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "மத்த ஊரெல்லாம் டயரு போன தூரம் சார். இது ஒரு ஆளு பயந்துக்கினே போன தூரம். இருந்துட்டுப் போவட்டும்."

மாதத்துக்கு ஒரு தடவை ஜீப்புக்குக் காற்று பார்க்க அங்கே போகிறேன். பாய் குனிந்து, கோடு போட்டு, பத்தடி நகர்த்தச் சொல்லி, தலையாட்டுவார். காற்று சரியாகத்தான் இருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.